'மா' என்னும் ஓரெழுத்து



13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஓரெழுத்தொருமொழிகள் 42 எனத் தொகுத்துரைக்கின்றது. அவற்றுள் ஒன்று 'மா'. தமிழில் இது மாமரம், பெருமை, கருமை, விலங்கு, சிறப்பாகக் குதிரை. கணக்கில் இருபதில் ஒரு பங்கு. ஆதலின் வேலி நிலத்தின் இருபதில் ஒரு கூறும் 'மா' எனப்பட்டது. யாழ்ப்பாணத்து அடுக்களையில் மாவினை இன்றும் 'மா' என்றே வழங்குவர்.

இவ்வொலி தமிழுக்கு மட்டும் உரியதன்று. சீனப் பொதுமொழியில் இதனை உயர்த்தி நிறுத்தினால் தாய், மேலேற்றினால் சணல், தாழ்த்தி எழுப்பினால் குதிரை, சட்டென இறக்கினால் ஏசுதல். அரபியில் 'என்ன' என்னும் வினாவாகவும், வினையை மறுக்கும் சொல்லாகவும் நிற்கும். அங்கேரிய மொழியில் குறுகி ஒலித்து 'இன்று' எனப் பொருள்படும். சப்பானியத்திலும் குறுகி ஒலித்து, இரண்டிற்கு இடைப்பட்ட வெளியையும் ஒலிகளுக்கு இடைப்பட்ட மௌனத்தையும் சுட்டும்.

தமிழிலும் குதிரை, சீனத்திலும் குதிரை என்றவுடன், ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததென உரைக்கத் தோன்றும். மேடையில் அக்கூற்றுக்குக் கைதட்டலும் கிட்டும். ஆராய்ச்சி அதனை ஏற்பதில்லை. தமிழில் 'மா' யானை முதலிய பிற விலங்குகளுக்கும் பொதுவான பெயர். சீனச் சொல்லோ பண்டைக் காலத்தில் ரகரம் விரவி ஒலித்ததென மொழியியலார் மீட்டுருவாக்கியுள்ளனர். வெவ்வேறு வழியில் வந்த இருவர் ஒரு சந்தியில் எதிர்ப்பட்டதை ஒத்தது இது. தாயைக் குறிக்கும் சொற்கள் பல மொழிகளில் ஒத்திருத்தற்கும், பாலருந்தும் குழவியின் மூக்கொலி முனகலையே ரோமன் யாக்கோப்சன் காரணமாகக் காட்டினார்.

1856-இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் உறவை நிறுவியபோது ஒரு சொல்லின் ஒப்புமையோடு நின்றுவிடவில்லை. எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், வேற்றுமை, வினைத்திரிபு என ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். அவ்வுழைப்பே தமிழின் தனித்தன்மைக்கு அரணாயிற்று. செவிக்கு இனிய பொய்யுறவுகளை அடுக்குவோர் அவ்வரணின் கற்களையே பெயர்க்கின்றனர். பின்னர் மெய்யைச் சொன்னாலும் உலகம் ஐயுறும்.

'மா'வை உலகுக்குக் கடன் கொடுத்ததென்று கூறுவதால் தமிழுக்குப் பெருமை ஏறாது. வயல் அளந்தோரும், குதிரை செலுத்தியோரும், மாங்கனி பறித்தோரும் அவ்வோரெழுத்தில் தத்தம் பொருளை வைத்துச் சென்றனர். இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் செவியையும் வழிவழியாக வளர்த்தனர். அச்செவி மழுங்காமற் காத்தல் கவிஞர் கடன்.