செயலியை வெளியிட்ட பிறகு

(சங்கத்தின் இளைஞர் பிரிவு நடத்திய கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





‘திறன்பேசிச் செயலிகளை உருவாக்குவதும் வெளியிடுவதும்’ என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. செயலி எழுதுவது எப்படி என்று இருபது நிமிடத்தில் சொல்ல முடியாது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாலிடெக்னிக் பிள்ளைகள் அதை என்னைவிட நன்றாகச் செய்வார்கள். எழுதி முடித்த பிறகு வரும் தொல்லைகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றை நம் சங்கமே பட்டு அறிந்திருக்கிறது.

நம் முதல் செயலி 2014இல் வந்தது. தொழுகை நேரம், பாங்கு, கிப்லா, சங்க அறிவிப்புகள், அவ்வளவுதான். தொழுகை நேரத்தைச் செயலியே கணக்கிடும்படி எழுதியிருந்தோம். சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகை இறங்கினால் எந்த வக்து என்பது சூத்திரம். சிங்கப்பூருக்கு சுபுஹுக்கு 20 பாகை, இஷாவுக்கு 18 பாகை. ஊர், தேதி கொடுத்தால் நேரம் வந்துவிடும். எங்களுக்கு ஒரே பெருமை.

ரமலான் வந்தது. மூன்றாம் நோன்பு என்று நினைக்கிறேன். ஒரு பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உங்க செயலி பாங்கு சொல்லிச்சு, நான் நோன்பு திறந்துட்டேன். அப்புறம்தான் வானொலியில பாங்கு வருது. என் நோன்பு என்னாச்சு?" என்றார். பார்த்தால், மஃரிப் நேரம் முயிஸ் அட்டவணையைவிட இரண்டு நிமிடம் முன்னால் இருந்தது. எங்கள் கணக்கு விநாடிகளைக் கீழ்நோக்கி வெட்டியிருந்தது. பேணுதலுக்காகச் சேர்க்க வேண்டிய நிமிடங்களையும் நாங்கள் சேர்க்கவில்லை. பெரியம்மாவை இமாமிடம் அனுப்பினேன். அவர் அந்த நோன்பைக் களாச் செய்யச் சொன்னார். அந்த வயதில் ஒரு நாள் நோன்பை மறுபடி பிடிக்க வைத்தோமே என்ற உறுத்தல் இன்னும் இருக்கிறது.

அதன்பிறகு சூத்திரத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, முயிஸ் ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணையையே உள்ளே வைத்தோம். மலேசியாவில் இதைச் செய்பவர்கள் ஜாக்கிம் வட்டார வாரியாகத் தரும் நேரங்களை எடுக்க வேண்டும்; ஜொகூருக்கும் பெர்லிஸுக்கும் ஒரே நேரம் செல்லாது. 2019 நவம்பரில் ஜாக்கிம் சுபுஹுக்கான பாகையை 20இலிருந்து 18ஆக மாற்றியது. பழைய எண்ணைச் செயலிக்குள் எழுதி வைத்தவர்கள் எல்லாம் திருத்த வேண்டியிருந்தது. அஸருக்கு இன்னொரு கேள்வி உண்டு. முயிஸ் தருவது ஷாஃபி முறைப்படியான நேரம். நம்மவர்களில் ஹனஃபிகளும் இருக்கிறார்கள். இரண்டையும் காட்டி, எது வேண்டும் என்று பயனரையே தேர்ந்தெடுக்க விடுவதே சரி.

அட்டவணை வைத்ததில் ஒரு புதிய சிக்கல் வந்தது. ஒவ்வொரு டிசம்பரிலும் அடுத்த ஆண்டின் அட்டவணையைச் சேர்த்துப் புதுப்பிப்பு வெளியிட வேண்டும். செயலியைச் செய்த தம்பி தன் சொந்தப் பெயரில், சொந்த மின்னஞ்சலில் கணக்கு திறந்திருந்தார். கெட்ட எண்ணமில்லை, அன்று அதுதான் சுலபம். பிறகு அவர் வேலைக்காக வெளிநாடு போனார். மடிக்கணினி பழுதானது. ஆண்ட்ராய்டு செயலிக்கு ஒரு கையொப்பச் சாவி உண்டு. அது ஒரு சிறு கோப்பு. அதே சாவியால் கையொப்பமிட்ட புதுப்பிப்பைத்தான் கடை ஏற்கும். அந்தக் கோப்பு மடிக்கணினியோடு போய்விட்டது.

2016 டிசம்பரில் எங்களால் புதுப்பிக்க முடியவில்லை. ஜனவரி முதல் தேதி காலை திரை வெறுமையாக இருந்தது, பாங்கு ஒலிக்கவில்லை. அன்று எனக்கு வந்த அழைப்புகள் எல்லாம் மூத்தவர்களிடமிருந்து. "தம்பி, பாங்கு சொல்லலையே" என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். புதிய பெயரில் புதிய செயலி போட்டு, ஒவ்வொருவரிடமும் பழையதை நீக்கி இதைப் போடுங்கள் என்று வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிவாசல் வாசலில் நின்று சொன்னோம். சிலர் கைப்பேசியில் இன்னும் அந்த வெற்றுத் திரை இருக்கக்கூடும்.

இப்போது நிலைமை கொஞ்சம் மேல். 2021 ஆகஸ்ட் முதல் கூகுள் பிளேயில் புதிதாக வரும் செயலிகளின் முதன்மைச் சாவியைக் கூகுளே வைத்துக்கொள்கிறது. நம் கையிலிருக்கும் பதிவேற்றச் சாவி தொலைந்தால் வேறு கேட்டு வாங்கலாம். ஆனால் கணக்கே தனியொருவர் பெயரில் இருந்தால் இதெல்லாம் உதவாது. ஆப்பிளில் ஆண்டுக்கு 99 அமெரிக்க வெள்ளி கட்ட வேண்டும். கட்டத் தவறினால் செயலி கடையிலிருந்து இறங்கிவிடும். ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடம் மட்டும் ஓடும். அது யாருடைய கடன் அட்டையில் இருக்கிறது? கூகுளுக்கு ஒருமுறை 25 வெள்ளி போதும். ஆனால் அங்கே வேறு கடமை உண்டு. ஆண்டுதோறும் ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புக்கு ஏற்பச் செயலியைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். விட்டுவிட்டால், புதிய கைப்பேசி வாங்கியவர் கடையில் தேடினால் நம் செயலி அவர் கண்ணில் படாது.

சங்கத்தின் பெயரில் கணக்கு திறக்க முடியும். இரண்டு நிறுவனங்களும் டன்ஸ் என்ற ஒன்பது இலக்க எண்ணைக் கேட்கும். பதிவு செய்யப்பட்ட சங்கத்துக்கு அது இலவசமாகக் கிடைக்கும். நம் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் முகவரியும் ஓர் எழுத்து மாறாமல் அதில் இருக்க வேண்டும். நம் பெயரில் ‘முஸ்லிம்’ என்ற சொல்லைப் பழைய ஆவணம் ஒன்றில் வேறு விதமாக எழுதியிருந்ததால் எங்களுக்கு மூன்று வாரம் போனது. பழைய கணக்கிலிருந்து புதிய கணக்குக்குச் செயலியை மாற்றிக்கொள்ளவும் இரண்டு கடைகளிலும் வழி உண்டு. பயனர்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் பழைய கணக்கின் உரிமையாளர் உயிரோடும் தொடர்போடும் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

இனி, பாங்கு சரியாக ஒலிக்காத இன்னொரு காரணம். ஐபோனில் ஒரு செயலி முன்கூட்டியே அடுக்கி வைக்கக்கூடிய அறிவிப்புகள் 64 மட்டுமே. ஒரு நாளைக்கு ஐந்து என்றால் பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும். அதற்குள் ஒருமுறையாவது செயலியைத் திறந்தால்தான் மறுபடி அடுக்க முடியும். பாங்கை மட்டும் கேட்டுவிட்டு செயலியைத் திறக்காதவர்கள் யார்? நம் அத்தாமார்கள்தான்! அறிவிப்பின் ஒலியும் 30 விநாடிக்குள் இருக்க வேண்டும். அதனால்தான் முழுப் பாங்கும் வருவதில்லை. முஅத்தினைக் குறை சொல்லாதீர்கள். ஆண்ட்ராய்டில் மின்கலத்தைச் சேமிக்கிறேன் என்று கைப்பேசியே பின்னணியில் இருக்கும் செயலியைத் தூங்க வைத்துவிடும். ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்புக்கே பயனரின் அனுமதி வேண்டும். 14இல் துல்லியமான நேரத்துக்கு ஒலிக்கும் அனுமதி பெரும்பாலான புதிய செயலிகளுக்குத் தானாகக் கிடைப்பதில்லை. எங்கள் தீர்வு எளியது. பத்தாம் நாள் அறிவிப்பில் பாங்குக்குக் கீழே ‘ஒருமுறை தொட்டுத் திறக்கவும்’ என்று தமிழில், பெரிய எழுத்தில் போட்டோம்.

கிப்லாவைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிருந்து அது வடக்கிலிருந்து சுமார் 293 பாகை. எண் சரியாக இருந்தாலும் முள் தவறாகக் காட்டும். காந்த மூடி போட்ட கைப்பேசி உறைதான் முதல் குற்றவாளி.

அனுமதிகள் என்றேன். இருப்பிடம் தெரிய அனுமதி கேட்கும் போது நாம் கொஞ்சம் நடுங்க வேண்டும். 2020 நவம்பரில் மதர்போர்டு என்ற செய்தித்தளம் எழுதியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட முஸ்லிம் புரோ செயலியிலிருந்து இருப்பிடத் தகவல்கள் எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்குப் போயின என்றும், அந்தத் தரகு நிறுவனம் அமெரிக்க ராணுவத்தோடு தொடர்புடைய ஒப்பந்தக்காரர்களுக்குத் தகவல் விற்றது என்றும் அந்தச் செய்தி சொன்னது. ராணுவத்துக்கு நேரடியாக விற்றதாகச் சொல்வதை முஸ்லிம் புரோ மறுத்தது. எக்ஸ்-மோடுடன் உறவை முறித்துக்கொள்வதாகவும் அறிவித்தது. அடுத்த மாதமே ஆப்பிளும் கூகுளும் அந்தத் தரகரின் நிரல் துண்டைச் செயலிகளிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டன. தம்பிமார் கவனிக்க வேண்டியது இந்த ‘நிரல் துண்டு’ என்பதை. விளம்பரத்துக்கு ஒன்று, புள்ளிவிவரத்துக்கு ஒன்று என்று பிறர் எழுதியதை எடுத்து ஒட்டுகிறோம். அது என்ன எடுத்துக்கொண்டு எங்கே அனுப்புகிறது என்று நாம் படித்துப் பார்ப்பதில்லை. வட்டிக் கடன் விளம்பரம் பாங்குக்குக் கீழே வந்து நின்றதைப் பார்த்த பிறகு நாங்கள் விளம்பரமே வேண்டாம் என்று எடுத்துவிட்டோம். தொழுகை நேரத்துக்கு இருப்பிடமும் தேவையில்லை. சிங்கப்பூர் முழுவதற்கும் ஒரே அட்டவணைதானே!

உறுப்பினர் பதிவைச் செயலியில் சேர்த்தபோது பழைய காகிதப் படிவத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தோம். அதில் அடையாள அட்டை எண் கேட்டிருந்தது. சட்டம் கேட்டாலன்றி அல்லது ஆளை ஐயமின்றி உறுதிசெய்யும் தேவை இருந்தாலன்றி அந்த எண்ணை வாங்கக் கூடாது என்ற நெறிமுறை 2019 செப்டம்பர் முதல் இங்கே நடப்பில் இருக்கிறது. எங்களுக்கு அது எதற்கு என்று கேட்டுப் பார்த்தோம். யாருக்கும் பதில் தெரியவில்லை. ஐம்பது வருஷமாகக் கேட்டு வந்தோம், அவ்வளவுதான். எடுத்துவிட்டோம். சிறிய சங்கம் என்றாலும் தகவல் பாதுகாப்புக்கு ஒருவரைப் பொறுப்பாக நியமித்தாக வேண்டும். ஐந்நூறு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால் ஆணையத்துக்கு மூன்று நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். கணக்கு திறக்க வைக்கும் செயலி, கணக்கை அழிக்கவும் உள்ளேயே வழி வைக்க வேண்டும் என்பது 2022 ஜூன் இறுதியிலிருந்து ஆப்பிளின் விதி.

நன்கொடை பற்றிப் பொருளாளர் கேட்கச் சொன்னார். அங்கீகரிக்கப்பட்ட அமைப்பாக இல்லாவிட்டால், ஐபோன் செயலிக்குள்ளேயே நன்கொடை வசூலிக்க ஆப்பிள் விடாது. இணைய உலாவியைத் திறந்து அங்கே வாங்கலாம். எங்களை ஒருமுறை திருப்பி அனுப்பியது இதற்காகத்தான். இப்போது பொத்தானை அழுத்தினால் சங்கத்தின் இணையப் பக்கம் திறக்கும், அங்கே பேநவ் குறியீடு இருக்கும். ஸகாத்தை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். இங்கே அது முயிஸின் பொறுப்பு. சங்கம் தன்னிச்சையாக வசூலிக்க முடியாது.

குர்ஆன் வசனம் போடுகிறவர்களுக்கு: அரபு மூலத்தைத் தட்டச்சு செய்யாதீர்கள். சரிபார்த்த பிரதியை, 2007இல் தொடங்கிய தன்ஸீல் திட்டம் தருகிறது. ஓர் எழுத்தும் மாற்றக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. தமிழ் மொழிபெயர்ப்புக்கு உரிமையாளர் உண்டு. அல்லாஹ்வின் வேதம்தானே என்று எடுத்துப் போட்டுவிட முடியாது. மொழிபெயர்த்தவரின் உழைப்பு அது. கடிதம் எழுதி அனுமதி வாங்குங்கள். நாங்கள் கேட்ட இடத்தில் மறுக்கவில்லை.

வீட்டிலிருந்தே செயலி செய்யும் சகோதரிகளுக்கு ஓர் எச்சரிக்கை. தனிநபர் கணக்கில் செயலியால் பணம் சம்பாதித்தால், கூகுள் பிளே உங்கள் முழு முகவரியையும் எல்லாரும் பார்க்கும்படி காட்டும். இலவசச் செயலியானால் பெயர், நாடு, மின்னஞ்சல் மட்டும் தெரியும். கணக்கு திறப்பதற்கு முன்பே இதை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஓர் உதவி கேட்கிறேன். 2023 நவம்பருக்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கில் வெளியிடுவதற்கு முன், பன்னிரண்டு பேர் தொடர்ந்து பதினான்கு நாள் அந்தச் செயலியைச் சோதிக்க வேண்டும் என்று கூகுள் கேட்கிறது. முன்பு இருபது பேர் கேட்டார்கள், குறைத்துவிட்டார்கள். நம் வாராந்திர வகுப்பு மாணவி ஒருவர் சிறு பிள்ளைகள் அரபு எழுத்தைத் தமிழ் வழியே படிக்க ஒரு செயலி செய்து முடித்திருக்கிறார். இதுவரை ஏழு பேர் கிடைத்திருக்கிறார்கள், அதில் நால்வர் அவர் குடும்பம். ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருக்கும் ஐந்து பேர் வேண்டும். நடுவில் நீக்கிவிட்டால் நாள் கணக்கு கெட்டுவிடும், அதனால் பதினான்கு நாளும் வைத்திருக்கக் கூடியவர்கள் மட்டும் வாருங்கள். தேநீர் மேசைக்குப் பக்கத்தில் தாள் வைத்திருக்கிறேன். மின்னஞ்சல் மட்டும் எழுதுங்கள், அடையாள அட்டை எண் வேண்டாம்.