கள்ளஞ்சல்



புதிய சொற்கள் படைப்பது பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள், குடித்துவிட்டு நள்ளிரவில் செய்தி அனுப்பும் பழக்கம். இதையா தமிழ் மேடையில் பேசுவது என்று சிலர் முகம் சுளிக்கலாம். மக்கள் செய்கிற எதற்கும் மொழியில் பெயர் இருக்க வேண்டும் என்று நம்புகிறவன் நான். அதனால் இங்கேதான் பேச வேண்டும்.

குடியும் பழையது, தூதும் பழையது. இரண்டும் ஒரே கையில் சேர்ந்ததுதான் புதியது. ஓலை எழுதிய காலத்தில், போதையில் ஒருவனுக்கு யார் மீதோ பாசம் பொங்கினால் அவன் என்ன செய்ய வேண்டும்? ஓலை நறுக்க வேண்டும், எழுத்தாணி தேட வேண்டும், எழுதியதைக் கொண்டுபோக ஆள் பிடிக்க வேண்டும். அதற்குள் பொழுது விடிந்துவிடும், போதையும் தெளிந்துவிடும். 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் ஒரு கணினியிலிருந்து ஒரு கைப்பேசிக்கு முதல் குறுஞ்செய்தி போனது. 2009-இல் வாட்ஸ்அப் வந்தது. நினைப்புக்கும் அனுப்புவதற்கும் நடுவே இருந்த அந்த நல்ல தாமதம் ஒழிந்தது.

இரவு ஒரு மணிக்கு என்னென்ன செய்திகள் போகின்றன என்று உங்களுக்கே தெரியும். பத்து வருடமாகப் பேசாத நண்பனுக்கு, "மச்சி, நீ தெய்வம்டா." மேலதிகாரிக்கு, "சார், உங்கள ஒண்ணு கேக்கணும்." பிரிந்துபோன காதலிக்கு ஒரே ஒரு சொல்: "சாப்பிட்டியா?" அந்த ஒரு சொல்லில் எத்தனை வருடத்து ஏக்கம் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள்!

ஏன் இப்படி? "இதைச் சொல்லாதே" என்று நம்மைத் தடுக்கும் மூளையின் முன்பகுதியை மது மந்தமாக்குகிறது. சிறுமூளை தடுமாறுகிறது, விரல் பக்கத்து எழுத்தில் விழுகிறது. இது இன்றைய அறிவியல். வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தில், 928-ஆம் குறளிலேயே இதைச் சொல்லிவிட்டார். நான் குடித்ததே இல்லை என்று மறைக்காதே, உண்ட அப்போதே நெஞ்சில் ஒளித்தது வெளிப்பட்டுவிடும் என்பது அதன் கருத்து. கைப்பேசி இல்லாத காலத்தில் எழுதிய குறள், கைப்பேசிக்காரனுக்கு எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்!

நம் முன்னோர் கள்ளை ஒரே பெயரால் அழைக்கவில்லை. தெளிந்தது தேறல். வீட்டில் சமைத்தது தோப்பி. நறவு, மட்டு, பிழி என்று சங்கப் பாடல்களில் பெயர்கள் நீள்கின்றன. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, 235-ஆவது, அவன் கொடையை எங்கிருந்து தொடங்குகிறது? கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான் என்பதிலிருந்து. கள்ளின் சுவையையும் கள்ளின் கேட்டையும் அத்தனை நுட்பமாகப் பேசிய மொழிக்கு, ஒரு நள்ளிரவுச் செய்திக்குப் பெயர் வைக்கத் தெரியாதா?

தெருவைக் கேளுங்கள், அது சும்மா இருக்கவில்லை. தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தின் ஆங்கிலச் சுருக்கம் டாஸ்மாக். அந்த நிறுவனம் 1983-இல் பிறந்தது, 2003-இல் மதுவின் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இன்று டாஸ்மாக் என்றால் மதுக்கடையின் பெயர். நாட்டின் உறுப்பினரைக் குறிக்கும் குடிமகன் என்ற சொல்லை எடுத்து, யாரோ பெயர் தெரியாத ஒருவர் வேறொரு பொருளில் திருப்பிவிட்டார். நாடே சிரித்தது. தண்ணி, சரக்கு, மப்பு, மட்டையாதல் ஆகிய சொற்களை எந்தக் குழுவும் கூடி ஆக்கவில்லை. விளையாட்டாகப் பிறந்தன, நிலைத்தன.

இப்போது என் பங்குக்குச் சில சொற்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் சொல், கள்ளஞ்சல். கள் கூட்டல் அஞ்சல். தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும் என்பது நன்னூல் விதி. அந்த நூலை எழுதிய பவணந்தி முனிவரே வந்து கேட்டாலும் புணர்ச்சியில் பிழை இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அஞ்சல் என்றால் தபால். பழந்தமிழில் அஞ்சல் என்றால் "அஞ்சாதே" என்றும் பொருள். உள்ளே போன கள் "அஞ்சாதே" என்று சொல்ல, வெளியே போகிற கடிதம் இது!

இரண்டாவது, தட்டுளறல். வாய் உளறினால் உளறல், விரல் தட்டித் தட்டி உளறினால் தட்டுளறல். "வணக்கம்" என்பது "வனக்க்க்ம்" என்று போய்ச் சேர்வது இந்த வகை.

மூன்றாவது, மடலேற்றம். பழைய காதலிக்குப் போகும் அந்த "சாப்பிட்டியா" இருக்கிறதே, அதற்கு. பனைமடலால் செய்த குதிரையில் ஏறி, ஊரறியத் தன் காதலைச் சொல்லி நின்றான் சங்கப் பாடல் தலைவன். வள்ளுவர் அதைப் பாடிய 114-ஆம் அதிகாரத்துக்கு நாணுத்துறவுரைத்தல் என்றே பெயர். நாணத்தைத் துறந்ததில் அவனும் இந்த நள்ளிரவுக் காதலனும் ஒன்றுதான். அவன் தெளிந்த புத்தியோடு ஏறினான், இவன் தெளியாமல் ஏறுகிறான், அவ்வளவே வேறுபாடு. எழுதிய ஓலையும் பனை, குடித்த கள்ளும் பனை, ஏறிய மடலும் பனை. தமிழனின் பேச்சும் போதையும் காதலும் ஒரே மரத்தில் விளைந்திருக்கின்றன!

நான்காவது, விடிநாணம். காலையில் கண் விழித்து, கைப்பேசியைத் தொட்டு, இரண்டு நீலக் குறிகளைப் பார்த்ததும் நெஞ்சில் எழும் வெட்கம்.

ஐந்தாவது, அழிசுவடு. அனுப்பிய செய்தியை எல்லோரிடமிருந்தும் நீக்கும் வசதியை வாட்ஸ்அப் 2017-இல் தந்தது. முதலில் 7 நிமிடத்துக்குள் நீக்க வேண்டும். 2022-இல் அந்த அவகாசம் இரண்டு நாளைத் தாண்டியது. ஆனால் செய்தி நீக்கப்பட்டது என்ற வரி அங்கேயே நின்று காட்டிக்கொடுக்கிறதே, அதுதான் அழிசுவடு.

உலகமும் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறது. 2008-இல் ஜிமெயிலில் ஒரு சோதனை வசதி வைத்தார்கள். வார இறுதி இரவுகளில் அஞ்சல் அனுப்பப் போனால், முதலில் சில கணக்குகளைப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. பெயர் வைப்பதிலும் உலகம் பின்தங்கவில்லை: உள்ளாடையோடு வீட்டிலேயே தனியாகக் குடிப்பதற்கு பின்லாந்துக்காரர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், கல்சாரிகென்னித். தன் நாட்டை உலகுக்கு அறிமுகப்படுத்த 2015-இல் அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சகம் வெளியிட்ட சின்னப் படங்களில் அதற்கும் ஒரு படம் இருந்தது! ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2013-இன் ஆண்டுச் சொல்லாகத் தேர்ந்த செல்ஃபி எங்கிருந்து வந்தது? அது முதன்முதலாக எழுத்தில் கிடைத்தது 2002-இல், ஆஸ்திரேலியாவில். நண்பனின் பிறந்தநாளில் குடித்துத் தடுக்கி விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்ட ஓர் இளைஞர், அந்த உதட்டின் படத்தோடு எழுதிய வரியில் அந்தச் சொல் இருந்தது. உலகை ஆளும் ஒரு சொல் அப்படிப்பட்ட இடத்திலும் கண்ணில் படுகிறது. பிறந்த இடத்தைப் பார்த்து எந்தச் சொல்லையும் தள்ளாதீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். போதையில் ஒரு பெண்ணுக்கு ஆபாசமாக எழுதுவதற்கும், ஒருவரை மிரட்டி எழுதுவதற்கும் நான் விளையாட்டுப் பெயர் வைக்க மாட்டேன். அவற்றுக்குத் தொல்லை, குற்றம் என்ற பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தப் பெயர்களே இருக்கட்டும். சிரிப்பு, கொடுமைக்குப் போர்வையாகக் கூடாது.

அப்படியானால் இந்த விளையாட்டால் என்ன பயன்? பெயர் இல்லாத வெட்கத்தை யாரும் பேச மாட்டார்கள், உள்ளேயே வைத்துப் புழுங்குவார்கள். "நேத்து ராத்திரி ஒரு கள்ளஞ்சல் போயிடுச்சு அண்ணே" என்று ஒரு தம்பி சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்தால், "இந்த மாசம் இது மூணாவது தடவைடா, கொஞ்சம் குறைச்சுக்கோ" என்று அண்ணன் சொல்வதற்கும் வழி பிறக்கிறது. ஆயிரம் அறிவுரை திறக்காத கதவை ஒரு கேலிச்சொல் திறந்துவிடும்.

மொழிக்கும் இதில் பயன் உண்டு. மின்னஞ்சல், முகநூல், பேருந்து எல்லாம் முயன்று ஆக்கிய சொற்கள், வாழ்க. ஆனால் அலுவலகத்துக்கும் பாடநூலுக்கும் மட்டும் சொல் பிறந்தால் தமிழ் மரியாதைக்குரிய மொழியாக இருக்கும், செல்ல மொழியாக இருக்காது. நம் பிள்ளைகள் கேலிக்கும் கிண்டலுக்கும் ஆங்கிலத்தைத் தேடிப் போகிறார்களே, அதுதான் என் கவலை. சிரிக்கவும் தமிழ் வேண்டும். வழிந்து நிற்கவும் தமிழ் வேண்டும்.

ஆகவே தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நான் சொன்ன ஐந்து சொற்களில் பிடிக்காததைத் தூக்கி எறியுங்கள். அதைவிட நல்லதை நீங்கள் ஆக்குங்கள். நாக்கில் உருள வேண்டும், இலக்கணம் ஏற்க வேண்டும், கேட்டவர் சிரிக்க வேண்டும். ஆக்கிய சொல்லை இன்றிரவே நண்பர்களுக்கு அனுப்புங்கள். தெளிந்த புத்தியோடு அனுப்புங்கள்.