ஆட்சி மாறினால் கூலியும் மாறுவதோ?

(கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அந்நிய நாட்டுச் சட்டமொன்றைப் பற்றி நமக்கு என்ன பேச்சு என்று சிலர் வினவலாம். 2023 ஆம் ஆண்டின் இறுதி முதல் இலங்கையரும் பண்ணை வேலைக்கென இஸ்ரேல் நாட்டிற்குச் செல்லுகின்றனர். தற்காலிக விசாவில் பிறர் நிலத்தில் உழைக்கப் போகின்றவனுக்குள்ள பாதுகாப்பு எத்தகையது என்பதை அறிய, இம்முறையில் நெடுநாள் அநுபவமுள்ள அமெரிக்காவை நோக்குதல் தகும்.

1942 முதல் 1964 வரை மெக்சிக்கோ நாட்டுத் தொழிலாளர் ஒப்பந்த அடிப்படையில் அமெரிக்கப் பண்ணைகளுக்கு வரவழைக்கப்பட்டனர். இன்று வழங்கும் எச்-2ஏ விசா 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. உள்நாட்டில் போதிய தொழிலாளர் இல்லை என்பதும், அந்நியரை அமர்த்துவதால் உள்நாட்டார் கூலி குன்றாது என்பதும் உறுதிப்பட்டாலன்றி அனுமதி கிடையாது. இலவச உறைவிடமும், ஒப்பந்த வேலையில் நான்கில் மூன்று பங்கிற்காயினும் கூலியும் தொழிலாளிக்கு உறுதியளிக்கப்படுகின்றன. கேட்பதற்கு நல்ல ஏற்பாடே.

ஆனால் கூலியின் அளவு என்ன? அதனைத் தொழில் திணைக்களத்தின் ஒழுங்குவிதியே தீர்மானிக்கின்றது. புஷ் ஆட்சி முடிவுறும் தறுவாயில், 2009 ஜனவரியில், புதிய விதி வந்தது, கூலி குறைந்தது. 2010 மார்ச்சில் ஒபாமா ஆட்சி அதனை மாற்றியது. 2024 இல் பைடன் ஆட்சி, குறை கூறும் தொழிலாளியைப் பழிவாங்குவதற்கு எதிராகப் புதிய காவல்களை விதித்தது. பல மாநிலங்களில் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2025 யூனில் ட்ரம்ப் ஆட்சி அவ்விதியை அமுல் நடத்துவதையே நிறுத்தியது. அவ்வாண்டு ஒக்ரோபரில் கூலிக் கணக்கும் மாறியது: தொழிலாளர் திறமைப்படி இரு தரமாக்கப்பட்டனர், உறைவிடத்தின் பெறுமதி அந்நியருக்குரிய கூலி வீதத்திற் கழிக்கப்பட்டது. இலவசம் என்ற சொல்லுக்கு இதுவோ பொருள்?

பண்ணையாளர் பக்கம் நியாயமில்லை என்று கூறேன். உறைவிடச் செலவும் போக்குவரவுச் செலவும் ஏற்று, பழம் அழுகுமுன் பறித்தாக வேண்டியவர் அவர். விதைக்கும்போது ஒரு விதியும் அறுக்கும்போது வேறு விதியுமாயின் அவர்தாம் எங்ஙனம் கணக்கிடுவார்? ஆயினும், அவருக்கு வாக்கு உண்டு. வந்த தொழிலாளிக்கு இல்லை. வேலை போனால் அவன் அந்நாட்டில் தங்கும் உரிமையும் நெடுநாள் நில்லாது. வேறு எசமானிடம் செல்வதற்கும் அந்த எசமானே அரசிடம் மனுச் செய்தல் வேண்டும்.

நம் நாட்டுத் தோட்டங்களிலும் ஒரு காலத்தில் 'துண்டு' முறை இருந்தது. துண்டின்றி வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. 1921 ஆம் ஆண்டில் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சட்டத்தால் என்பதைக் கவனியுங்கள். ஆட்சியாளர் பேனாவால் எழுதி மறுநாள் அழிக்கக்கூடியது சலுகை, உரிமையன்று.

ஆதலின், எந்நாட்டுடன் ஒப்பந்தம் செய்யினும் நம் அரசு மூன்று வினாக்களுக்கு எழுத்தில் விடை பெறுதல் வேண்டும். கூலியை நிர்ணயிப்பவர் யார்? எசமானை மாற்றும் உரிமை உண்டா? முறையிட்டவனைத் திருப்பி அனுப்பாதிருக்கக் காவல் என்ன? கைச்சாத்திடுமுன் இவற்றைக் கேட்போம். நம் பிள்ளைகள் விமானம் ஏறியபின் கேட்டுப் பயனில்லை.