அங்கன்வாடியில் நான் கற்ற பாடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

மின்னணுவியல் படித்தவன் பாலர் பள்ளியைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. (அந்தக் காலத்தில் அது என் வரிசை!) காரணம் என் மகன்தான்.

அவனுக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. இரண்டரை வயதில்தான் கண்டுபிடித்தோம். "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்"னு பெரியவங்க சொன்னதை நம்பி ஒரு வருடத்தைக் கோட்டை விட்டோம். பிறந்த சில நாளிலேயே, தூங்கும் குழந்தையின் காதில் சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. மொழி வேர் பிடிக்கும் வயது அது. அந்த ஒரு வருடம் இன்றும் உறுத்துகிறது.

காதுக்கருவி மாட்டி ஒரு பெரிய நர்சரிப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். "மத்த பிள்ளைங்க பாதிக்கப்படுவாங்க சார்" என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் எங்கள் தெரு அங்கன்வாடியில் சேர்த்தோம்.

அந்த டீச்சரம்மா முதல் இரண்டு நாள் அவனுக்கு எதையும் சொல்லித் தரவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் அவனைத் தன் எதிரில் உட்கார வைத்து, தான் ஜன்னலைப் பார்க்கத் திரும்பி அமர்ந்தார். முகத்தில் வெளிச்சம் விழுந்தால்தானே உதடு தெரியும்! வெறும் சிமெண்ட் தரையில் பாய் விரித்தார், எதிரொலி குறைய. கதை சொல்லும் நேரத்தில் ஃபேனை நிறுத்தினார். காதுக்கருவி பேச்சையும் பெரிதாக்கும், ஃபேன் இரைச்சலையும் பெரிதாக்கும். சிக்னல், நாய்ஸ் என்று நாலாவது செமஸ்டரில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். ஃபேனை நிறுத்தணும்னு தோன்றியது அவருக்கு.

அதே அறையில் வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு பெண் குழந்தை. அதற்காக அவர் 'நீள்ளு', 'அன்னம்' என்று நாலு வார்த்தை கற்றுக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகப் பார்ப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை சரியாக ஏறாத பிள்ளைக்கு 90 நாள் கூடுதல் சத்துணவு தந்தார்கள். சோற்றுக்குச் செய்ததைப் பேச்சுக்கும் செய்யலாமே? ஆனால் ஒரு பணியாளர், ஒரு உதவியாளர், கட்டுக்கட்டாகப் பதிவேடு. அந்தம்மா போல எத்தனை பேருக்கு முடியும்?

இறுதியாண்டுத் தம்பிகளே, தங்கைகளே! ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலையாதீர்கள். பக்கத்து அங்கன்வாடிக்குப் போய் ஒரு காலை முழுக்க உட்காருங்கள். இரைச்சலை அளந்து பாருங்கள். குறைக்க ஆகும் செலவில் என் பங்கும் உண்டு.

மகனுக்கு இப்போது ஐந்து வயது. 'ழ' இன்னும் வரவில்லை. எனக்கே சரியாக வராது! ஆனால் நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "அப்பா, ஃபேனை நிறுத்திட்டுப் பேசு" என்கிறான்.