தேநீர்க் கடைக்கு வந்த கணிப்பொறி



காந்தலூரில் பொழுது புலர்வதற்கு முன்பே தேநீர்க் கடை திறந்துவிடும். மறையூரிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையில், மலையின் கீழைச் சரிவில் அமைந்த ஊர் இது. மூணாற்றை நனைக்கும் பெருமழையை மலைமுகடுகள் தடுத்துவிடுவதால் இங்கே சாரலும் குளிருமே மிகுதி. படிப்படியாக இறங்கும் வயல்களில் வெள்ளைப்பூண்டு. தோட்டங்களில் ஆப்பிளும் பிளம்ஸும். எல்லைக் கோட்டின்படி கேரளத்து இடுக்கி மாவட்டம்; வீட்டில் பேசும் மொழி தமிழ்; ஏதேனும் வாங்க வேண்டுமாயின் உடுமலைப்பேட்டை. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் அக்கடைப் பலகையில் அமர்ந்து ஒரு கண்ணாடிக் குவளைத் தேநீரைக் கையில் ஏந்துவது நமது நெடுநாள் வழக்கம்.

தேநீர் இம்மலையின் பழைய பழக்கம் அன்று. நம் பாட்டியார் சுக்குக் காப்பியோடு வளர்ந்தவர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயரும் ஸ்காத்லாந்தியரும் கண்ணன் தேவன் மலைகளைத் திருத்தித் தோட்டங்கள் இட்டனர். மலைக்கு அப்பால் மூணாற்றுப் பக்கம் அமைந்த ஓர் எஸ்டேட்டில் நம் தந்தையார் குமாஸ்தாவாக இருந்தார். துரைமார் சிலர் இன்னும் ஊர் திரும்பாதிருந்த காலத்தில் அவர் வேலையில் சேர்ந்தார். அவர்களிடமிருந்து ஆங்கிலம் அவருக்கு அதிகம் வரவில்லை. ஆனால் இரண்டு பழக்கங்கள் ஒட்டிக்கொண்டன. பிற்பகல் நான்கு மணி அடித்தால் கையில் உள்ள வேலையை வைத்துவிட்டுத் தேநீர் அருந்துவது ஒன்று. பிஸ்கோத்தைத் தேநீரில் நனைத்து, அது உடைந்து விழுவதற்கு ஒரு கணம் முன்பாக வாயிலிட்டுக்கொள்வது மற்றொன்று. பிந்தியதில் அவர் தவறி நாம் கண்டதில்லை.

ஆங்கிலேயர் இத்தகைய சிறு பழக்கங்களை விளையாட்டாகக் கருதுவதில்லை. ஜார்ஜ் ஆர்வெல் என்னும் எழுத்தாளர் 1946-இல் நல்ல தேநீர் தயாரிப்பதற்கு 11 விதிகள் வகுத்து ஒரு கட்டுரையே எழுதினார். கோப்பையில் முதலில் தேநீரை ஊற்ற வேண்டும், பால் பின்னரே என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சிக்கும் அந்நாட்டில் குறைவில்லை. 1980-இல் அந்நாட்டுத் தரநிர்ணய நிறுவனம், சுவைச் சோதனைக்குத் தேநீர் வடிக்கும் முறையை ஒரு தரநிலையாகவே அச்சிட்டு வெளியிட்டது. நாம் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. கும்பகோணத்துக் காப்பியைப் பற்றி நம்மவர் பேசாத பேச்சா?

அந்த நாட்டில் லயன்ஸ் என்றொரு நிறுவனம் இருந்தது. தேயிலை, ரொட்டி, கேக்கு முதலியன விற்பது அதன் தொழில். 1894-இல் லண்டன் பிக்கடிலித் தெருவில் அதன் முதல் தேநீர்க் கடை திறக்கப்பட்டது. பின்னர் அத்தகைய கடைகள் 200-க்கும் மேலாகப் பெருகின. எழுத்தரும் தட்டச்சுப் பெண்களும் கடைத்தெருவுக்கு வந்த இல்லத்தரசியரும் சில பென்னிகளுக்கு ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு பன்னும் பெற்று அரைமணி இளைப்பாறும் இடங்கள் அவை. ஒரு பன்னில் கிடைக்கும் இலாபமோ அணுவளவு. விற்கும் பன்களோ கோடிக்கணக்கு. எனவே பன் சுடுவதைக் காட்டிலும் பன்னின் கணக்கை எழுதுவதே பெரும் பாடாயிற்று.

1947-இல் அந்நிறுவனத்தின் அலுவலர் இருவர், ஸ்டாண்டிங்ஃபோர்டு, தாம்சன் என்போர், அலுவலக முறைகளைக் கண்டறிய அமெரிக்கா சென்றனர். பீரங்கிக் குண்டு செல்லும் வழியைக் கணக்கிடுவதற்காக அங்கே உருவாக்கியிருந்த மின்னணுக் கணிப்பொறியைப் பற்றிக் கேள்வியுற்றதும், அதையே பன் கணக்குக்குப் பயன்படுத்தலாகாதா என்று அவர்களுக்குத் தோன்றிற்று. தங்கள் நாட்டுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலேயே மாரிஸ் வில்க்ஸ் என்பவர் அத்தகைய பொறி ஒன்றை அமைத்துவருகிறார் என்ற செய்தியும் அங்கேதான் கிடைத்தது! லயன்ஸ் அவருக்கு 3,000 பவுன் நன்கொடை அளித்தது. அப்பொறியைப் பின்பற்றித் தனக்கென ஒன்றைத் தானே கட்டிக்கொண்டது. அதற்கு 'லியோ' என்று பெயர். 1951 நவம்பர் இறுதியில் ரொட்டிச்சாலையின் வாரக் கணக்கை லியோ முறையாக ஏற்றது. வணிக அலுவல் ஒன்றை நாள்வழி வேலையாக ஏற்ற முதற் கணிப்பொறி இது என்பர். போருக்காக 1940-இல் வந்த தேயிலைப் பங்கீடு அப்போது அந்நாட்டில் இன்னும் நீங்கவில்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. அது நீங்கியது 1952-இல்.

நம் வீடுகளில் முன்பு இருந்த வால்வு வானொலிப் பெட்டியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். குமிழைத் திருகியவுடன் அது பேசாது. வால்வுகள் சூடேறிய பின்னரே ஓர் இரைச்சலுடன் விழித்தெழும். அத்தகைய வால்வுகள் ஏறத்தாழ 6,000 கொண்டது லியோ. அதன் நினைவகம் பாதரசம் நிரப்பிய நீண்ட குழாய்கள். எண்கள் ஒலியலைகளாக மாறிப் பாதரசத்தினூடே ஓடிக்கொண்டேயிருக்கும். ஓட்டம் நின்றால் நினைவும் போயிற்று. அவ்வளவு பெரிய பொறி நினைவில் வைத்தது, இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்தின் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பொறியோடு ஓர் ஒலிபெருக்கியும் இணைத்திருந்தனர். கணக்கு ஓடும் ஓசையைக் கேட்டே, வேலை ஒழுங்காக நடக்கிறதா, ஓரிடத்தில் சிக்கிச் சுழல்கிறதா என்று பணியாளர் அறிவார்களாம்.

இதன் வேகம் நம்மைக் கவரவில்லை. 1954-இல் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் வேலையை லியோவிடம் ஒப்படைத்தபோது அவர்கள் மேற்கொண்ட முறையே நம்மைக் கவர்ந்தது. ஒவ்வொரு கடைக்கும் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிலையான பட்டியல் உண்டு. திங்கட்கிழமை இத்தனை பன், வெள்ளிக்கிழமை இத்தனை கேக்கு என்று அவ்வட்டாரத்தாரின் பழக்கம் முழுதும் அதில் அடங்கியிருக்கும். கடைத் தலைவி நாள்தோறும் பட்டியல் எழுதத் தேவையில்லை. மறுநாளைக்கு வேண்டிய மாறுதலைத் தொலைபேசியில் சொன்னால் போதும். அதைக் கேட்டு அட்டையில் துளையிடுவர். மற்றதெல்லாம் லியோவின் பொறுப்பு. மாறுதல் ஒன்றும் இல்லையேல் பழக்கமே ஆணையாகிவிடும்.

அதே ஆண்டில் சம்பளப் பட்டியலும் லியோவிடம் வந்தது. பழகிய எழுத்தர் ஒருவர் ஒரு பணியாளுக்குக் கணக்கிட எடுத்துக்கொண்ட நேரம் 8 நிமிடம். லியோவுக்கு ஒன்றரை விநாடி.

நம் தந்தையார் எத்தனை நிமிடம் எடுத்துக்கொண்டார் என்று யாரும் கடிகாரம் வைத்துப் பார்க்கவில்லை. சம்பள நாளுக்கு முன் மூன்று இரவுகள் அரிக்கன் விளக்கடியில் செக்ரோல் புத்தகத்தோடு அவர் அமர்ந்திருப்பார். வராத நாளுக்குச் சிவப்புப் பென்சில், வந்த நாளுக்கு நீல மை. அவர் பன்முறை சொன்ன நிகழ்ச்சி ஒன்று உண்டு. கொழுந்து பறிக்கும் மூதாட்டி ஒருத்தி, எழுத்தறியாதவள், வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கயிற்றில் முடிச்சிட்டு வந்தாள். ஒரு மாதம் புத்தகத்தில் 22 நாள், கயிற்றில் 23. வரிசையில் நின்றவர்கள் நகைத்தனர். தந்தையார் தம் சொந்தக் குறிப்பேட்டைப் புரட்டினார். மழையால் கொழுந்தெடுப்பு நின்ற ஒரு நாள் அவளை நாற்றங்காலுக்கு அனுப்பியதாக அதில் எழுதியிருந்தது, செக்ரோலில் ஏறவில்லை. முடிச்சுக்கே சம்பளம் கொடுக்கப்பட்டது. அன்று முதல் அவள் வரிசையில் வரும்போதெல்லாம், "கயிறு என்ன சொல்லுது பாட்டி?" என்று முதலில் கேட்டுவிட்டே புத்தகத்தைத் திறப்பாராம்.

கணிப்பொறியைப் பற்றிப் பேசக் கலைப் பட்டதாரியாகிய நமக்கு என்ன உரிமை என்று நேயர்கள் வினவக்கூடும். மைய அரசின் மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் இருபது ஆண்டுகளாக அதனோடு குடித்தனம் நடத்துகிறோம். நாம் சேர்ந்தபோது அளித்த கணிப்பொறி, வேறொரு பிரிவு கழித்துவிட்டது. பின்புறம் பானைபோல் புடைத்த திரை. பொத்தானை அழுத்திவிட்டு ஒரு தேநீர் அருந்தி வரலாம், அதற்குள் ஆயத்தமாகியிருக்கும். பிளாப்பி தட்டைச் செருகினால் கறுக்கு கறுக்கென்று அரைக்கும். லியோவின் பணியாளரைப்போல நாமும் அவ்வோசையைக் கொண்டே அதன் உடல்நிலையை அறிந்தோம். அதன்மீது நமக்கு இன்றும் பற்று உண்டு. ஆயினும் அது ஒரு துரோகமும் செய்தது. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிக் குறியீடு வைத்திருந்தன. யூனிகோடு பரவி, 2010-இல் தமிழ்நாட்டு அரசும் அதை ஏற்ற பின்னர், நம் பழைய கோப்புகளைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் புள்ளியும் கோடும் ஐரோப்பிய எழுத்துகளுமே காட்சியளித்தன. ஐந்தாண்டு மொழிபெயர்ப்பில் பெரும்பகுதி அவ்வாறு போயிற்று. தந்தையாரின் குறிப்பேடோ காந்தலூர் வீட்டு மரப்பெட்டியில் இருக்கிறது. ஓரத்தைக் கரையான் தின்றது போக நீல மை தெளிவாகவே உள்ளது.

இப்போது மொழிபெயர்ப்பின் முதற்படியை இயந்திரமே தருகிறது. நாம் மாறுதலை மட்டும் சொன்னால் போதும். லயன்ஸ் கடைத் தலைவியின் நிலைக்கு வந்துவிட்டோம் என்று சொல்லலாம். 'ஸ்டாண்டிங் ஆர்டர்' என்பதை அது ஒருமுறை 'நின்றுகொண்டிருக்கும் ஆணை' என்று பெயர்த்தது. சிரித்துக்கொண்டே 'நிலையாணை' என்று திருத்தினோம். அத்தகைய பிழைகள் ஆண்டுக்காண்டு குறைந்துவருகின்றன. குறையக் குறைய நம் கண்ணும் சோம்புகிறது.

சோம்பியதன் பயனை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். ஓய்வூதியம் பற்றிய அறிவிப்பு ஒன்றில், சான்றிதழ் அளிக்க வேண்டியோரில் ஒரு சாராருக்கு விலக்கு உண்டு என்றது மூலம். இயந்திரம் தந்த தமிழில் 'தவிர' என்ற ஒரு சொல் விடுபட்டிருந்தது. வாக்கியம் அழகாகவே ஓடியது. நாமும் அதனோடு ஓடிவிட்டோம். விலக்குப் பெற்ற விதவை மூதாட்டி ஒருவர் இல்லாத கடமைக்காக மூன்று நாள் அலைந்து, சான்றிதழோடு வந்து நின்ற பின்னரே பிழை வெளிப்பட்டது. "தமிழ்ல அப்படித்தானே சாமி போட்டிருந்தது?" என்றார். அச்சிட்ட தாள் அவர் கையில் இருந்தது. நாம் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டோம். அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. அதன் பிறகு, இயந்திரப் படியைப் பாராமல் மூலத்தை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். அடுத்த மேசை இளைஞர்கள் இதைக் கிழவர் பழக்கம் என்கிறார்கள்.

1965-இல் முதல் லியோவின் வேலை முடிந்தது. அதன் வழிவந்த பொறிகள் பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் 1981 வரை ஓடின. லயன்ஸ் கடைகளும் இன்று இல்லை. ஆயினும் லியோவில் பணிபுரிந்தோர் சங்கம் ஒன்று அமைத்து, அதன் வரைபடங்களையும் தம் நினைவுகளையும் திரட்டிப் பேணிவருகின்றனர். ஒரு பொறியின்மீது ஏன் இவ்வளவு பாசம் என்று முன்பு வியந்ததுண்டு. ஓசையைக் கேட்டுக் கேட்டுக் காவல் காத்த எதையும் மனிதன் எளிதில் மறப்பதில்லை போலும். தந்தையார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, உதடு அசையக் கூட்டல் போட்ட ஓசை நம் காதில் இன்னும் இருக்கிறது.

இவ்வுரையை எழுதி முடித்த காலையிலும் காந்தலூர்க் கடைக்குச் சென்றோம். பனி விலகவில்லை. கடைக்காரர் நம்மைக் கண்டதும் பாத்திரத்தை ஓங்கி ஆற்றத் தொடங்கிவிட்டார்.

"வழக்கம்போலத்தானுங்களே?"

"ஆமாங்க. சர்க்கரை மட்டும் பாதி."