சிறைக்குச் சட்டம், பங்குக்குச் சுற்றறிக்கை



புதிய கூட்டணி ஆட்சி ஒன்று வரும்போது நம் உரிமையும் நமக்குச் சேர வேண்டிய பணமும் என்ன ஆகின்றன? அண்ணல் அம்பேத்கர் நினைவுநாளில் நாம் பேச எடுத்துக்கொண்ட கேள்வி இது. 2004இல் அமைந்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசை வைத்து இதைப் பார்ப்போம். தொடங்கி முடிந்துபோன பத்தாண்டு அது என்பதால் வரவையும் செலவையும் நிதானமாகக் கூட்டிப் பார்க்கலாம்.

உரிமை ஒரு பேச்சு, பணம் வேறொரு பேச்சு என்று பிரிக்கும் பழக்கம் நம் இயக்கங்களிலும் இருக்கிறது. கைது என்றால் வழக்கறிஞர்கள் வருவார்கள். பட்ஜெட் என்றால் பொருளாதாரம் படித்தவர்களைத் தேடுவோம். பொது நிதியைப் பற்றி ஆய்வு செய்தவரான அண்ணல் அப்படிப் பிரிக்கவில்லை. 1947இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் அவர் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில் அடிப்படை உரிமைகளும் இருக்கின்றன, நம் மக்களுக்குத் தனிக் குடியிருப்புகள் அமைக்க ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கையும் இருக்கிறது. இரண்டையுமே அரசமைப்பின் பிரிவுகளாக எழுதித் தந்தார். ஆட்சியாளரின் நல்ல மனதை நம்பி எதையும் விட அவர் தயாராக இல்லை.

2004க்கு வருவோம். இடதுசாரிகள் வெளியிலிருந்து தாங்கிய அரசு அது. அதன் குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் பொடா சட்டத்தை நீக்குவதாகச் சொன்னது. தமிழ்நாட்டில் 2002இல் வைகோவைச் சிறையில் வைத்தது அந்தச் சட்டம்தான். ஜார்க்கண்டில் பழங்குடி மக்கள் மீது அது பாய்ந்தது. 2004 செப்டம்பரில் அவசரச் சட்டம் மூலம் பொடா நீக்கப்பட்டது. சொன்னதைச் செய்தார்கள் என்பதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே நேரத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. 1967ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், நாம் ஊபா என்று சொல்வது, திருத்தப்பட்டது. பயங்கரவாதச் செயல், பயங்கரவாத அமைப்பு பற்றிய பொடாவின் பிரிவுகள் அதற்குள் குடியேறின. பொடாவுக்கு ஆயுள் மூன்றாண்டு. புதுப்பிக்காமல் விட்டிருந்தாலே அந்த அக்டோபரில் அது காலாவதியாகியிருக்கும். ஊபாவுக்கு முடிவுத் தேதி கிடையாது. காவல்துறையிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகும் என்ற பொடாவின் விதி ஊபாவுக்குள் வரவில்லை, அது நல்லதுதான். ஆனால் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, 2008 டிசம்பரில், பிணை கிடைப்பதைக் கடினமாக்கும் பிரிவும் குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை சிறையில் வைக்க இடம்தரும் பிரிவும் வந்துசேர்ந்தன.

யார் மீது? மராத்தி தலித் எழுத்தாளர், ‘வித்ரோஹி’ இதழின் ஆசிரியர் சுதிர் தவாலே. கயர்லாஞ்சிப் படுகொலைக்கு நீதி கேட்டுப் போராடியவர். 2011 ஜனவரியில் வார்தாவில் கைது செய்யப்பட்டார். மகாராஷ்டிரத்திலும் அப்போது கூட்டணி ஆட்சிதான். 2014இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்யும்போது 40 மாதம் சிறையில் கழிந்திருந்தது. இலக்கிய அமைப்பு என்ற முறையில் நாம் இதை மறக்க முடியாது.

இப்போது பணம். 1979-80இல் பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்டம் தொடங்கியது. மக்கள்தொகையில் நம் பங்கு எவ்வளவோ அவ்வளவு பங்கு திட்டச் செலவில் நமக்கு வர வேண்டும் என்பது அதன் சாரமாக இருந்தது. 2001 கணக்கெடுப்பின்படி அந்தப் பங்கு 16.2 சதவீதம். பணத்தை வேறு வேலைக்குத் திருப்பக் கூடாது, செலவழிக்காமல் காலாவதியாகவும் விடக் கூடாது என்று திட்டக் குழு வழிகாட்டியது. நடந்தது என்ன? 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக டெல்லி அரசு இந்த நிதியிலிருந்து சுமார் 744 கோடி ரூபாயைத் திருப்பிவிட்டதை, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்ற ஆவணங்கள் வெளிக்கொண்டுவந்தன. நிதி திரும்பியதை உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார்.

இதற்காக எந்த அதிகாரியைச் சட்டப்படி தண்டிக்க முடியும்? துணைத்திட்டம் சட்டமாக இல்லை, வழிகாட்டுதலாகத்தான் இருந்தது. நம்மைச் சிறையில் வைக்கும் அதிகாரத்தை முடிவுத் தேதி இல்லாத சட்டத்தில் எழுதினார்கள். நமக்குத் தர வேண்டிய பங்கைச் சுற்றறிக்கையில் விட்டுவைத்தார்கள். இந்த வேறுபாட்டைத்தான் நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டமானது என்ன செய்யும் என்பதற்கும் அதே ஆட்சியில் சான்று உண்டு. 2005இல் தகவல் உரிமைச் சட்டமும் ஊரக வேலை உறுதிச் சட்டமும் வந்தன. நூறு நாள் வேலையின் தொடக்க ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்ட வேலைநாட்கள் தலித், பழங்குடி மக்களுடையவை. பண்ணையாரின் வாசலில் நின்ற பெண், வேலை கொடு, பதினைந்து நாளுக்குள் கொடு, இல்லையென்றால் படி கொடு என்று ஊராட்சியில் கேட்க முடிந்தது. கூலி தாமதமானது, ஊழல் நடந்தது, உண்மை. ஆனால் கேட்பதற்குக் கையில் ஒரு பிரிவு இருந்தது. டெல்லி நிதி விவகாரம் அம்பலமானதும் தகவல் உரிமை சட்டமாக இருந்ததால்தான்.

துணைத்திட்டத்துக்கு ஆந்திரமும் கர்நாடகமும் 2013இல் சட்டம் இயற்றின. தமிழ்நாடு 2024இல் இயற்றியது. போராடிப் பெற்றவை இவை. மத்தியில் அந்தப் பத்தாண்டில் அப்படி ஒரு சட்டம் நிறைவேறவில்லை.

ஆகவே தோழர்களே, அடுத்து எந்தக் கூட்டணி வந்து செயல்திட்டத்தை நீட்டினாலும் நாம் கேட்க வேண்டியவை மூன்று. எங்கள் பங்கு சட்டத்தில் இருக்கிறதா? அதை மீறும் அதிகாரிக்குத் தண்டனை உண்டா? நீக்கியதாகச் சொல்லும் அடக்குமுறைச் சட்டத்தின் பிரிவுகள் வேறெந்தச் சட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கின்றன?

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் மாவட்டத்தில் துணைத்திட்ட நிதி எந்த ஊரில், எதற்குச் செலவானது என்று பத்து ரூபாய் கட்டணத்தில் மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். மனுப் போட்டவரை மிரட்டினால் தனியாக நிற்க விடாமல் நாம் எல்லோரும் உடன் போவோம். கணக்குக் கேட்பவரைக் காப்பதும் கணக்குக் கேட்பதும் நமக்கு ஒரே வேலைதான்.