பழைய காரும் எஞ்சின் கோளாறும்

தலைநகர் தில்லியில் கார் வாங்க விழையும் நடுத்தரக் குடும்பத்தினர் பலர் முதலில் நாடுவது பழைய காரையே. கரோல் பாகில் விற்பனைக்கு நிற்கும் கார்கள் யாவும் புதியனபோல் மின்னும். மேற்பூச்சின் பொலிவு கண்ணுக்குத் தெரியும். எஞ்சினின் உடல்நிலை தெரியாது. அது வெளிப்படுவதற்கு மே மாத வெயிலும், நகர மறுக்கும் போக்குவரத்து நெரிசலும் வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் வாழும் நண்பர் ஒருவர், முதிய தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்பொருட்டு, சேமநிதியிலிருந்து பணம் எடுத்து எட்டாண்டுப் பழமையான பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினார். மூன்றாம் வாரமே வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. முன்மூடியின் கீழிருந்து ஆவி எழுந்தது. வண்டியைப் பார்த்த பணிமனையார், "எஞ்சின் பைட் கயா" என்றனர். 'எஞ்சின் உட்கார்ந்துவிட்டது' என்பது அதன் நேர்ப்பொருள். முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க ஐம்பதாயிரம் ரூபாய் ஆகும் என்றும் கூறினர்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அத்தொடர் ஐயத்தை விளைவித்தது. பத்து நோய்களுக்கும் ஒரே பெயர் வழங்குமாயின், அப்பெயரால் எந்த நோயும் விளங்காது. "எந்தச் சோதனையால் இம்முடிவுக்கு வந்தீர்கள்?" என்று கேட்டோம். தக்க விடை கிடைக்காமையால், வண்டியை ஓட்டாமல் இழுவண்டியில் ஏற்றி வேறொரு பணிமனைக்குக் கொண்டு சென்றோம்.

அங்கிருந்த முதிய மிஸ்திரி எளியதிலிருந்து தொடங்கினார். எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே கூலண்ட் இல்லை. துருநிறத்தில் வெறும் நீரே, அதுவும் குறைவாக இருந்தது. கைப்பம்பினால் அழுத்தம் ஏற்றியபோது ரப்பர்க் குழாய் ஒன்றில் கசிவு தென்பட்டது. எஞ்சினை ஓடவிட்டு முள்ளைக் கவனித்தார். வெப்பம் ஏறியும் மின்விசிறி சுழலவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ரிலேயை மாற்றியதும் விசிறி சுழன்றது. பிறகு, எஞ்சின் எண்ணெயில் நீர் கலந்து பால்நிறம் கொண்டுள்ளதா என்று பார்த்தார். சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. காஷ்மீரி கேட்டில் வாங்கிய சில உதிரிப் பாகங்களுடன், செலவு ஐயாயிரம் ரூபாயைத் தாண்டவில்லை.

இதன் காரணம் எளியது. எஞ்சின் ஏறத்தாழ 90 பாகை செல்சியசில் இயங்குவது. வெறும் நீர் திறந்த வெளியில் 100 பாகையில் கொதிக்கும். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்காலும், மூடி தாங்கும் அழுத்தமும் கொதிநிலையை உயர்த்துகின்றன. கூலண்ட் துருவையும் தடுக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது விசிறி ஒன்றே துணை. ஆதலின் இக்கோளாறு நெரிசலில்தான் தலைகாட்டும்.

முள் உயர்ந்தால் செய்ய வேண்டுவன சில. குளிர்சாதனத்தை நிறுத்துக. பாதுகாப்பான ஓரத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுக. ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்; பீறிடும் கொதிநீர் முகத்தை வேகவைத்துவிடும். 'வீடுவரை ஓட்டிவிடலாம்' என்று எண்ணவும் வேண்டா. மிகை வெப்பத்தில் சிலிண்டர் தலைப்பகுதி கோணிக்கொள்ளும், கேஸ்கெட் பழுதாகும். பணிமனை பொய்யாகச் சொன்ன தீர்ப்பு அப்போது மெய்யாகிவிடும்.

புகையும் சில செய்திகளைக் கூறும். நீலப் புகை எண்ணெய் எரிவதையும், கரும்புகை பெட்ரோல் மிகுவதையும், எஞ்சின் சூடேறிய பின்னும் ஓயாத வெண்புகை கூலண்ட் உட்புகுவதையும் உணர்த்தும். இன்றைய கார்களில் கணிப்பொறி காட்டும் குறியீடும் உதவும். ஆயினும் அது திசைகாட்டியே, தீர்ப்பன்று. சோதனைகளில் சிலிண்டர் அழுத்தம் குறைந்திருப்பது உறுதியானால், எஞ்சினைப் பிரிப்பதே முறை; அச்செலவுக்கு அஞ்சலாகாது.

கார் வாங்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போதே அதனைப் பார்வையிடுக. நீங்கள் செல்லுமுன் விற்பவர் அதைச் சூடேற்றி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். பழுது நேர்ந்தால் செலவு மதிப்பீட்டை எழுத்தில் பெறுக. கழற்றிய பாகங்களையும் கேட்டு வாங்குக. எஞ்சின் நுட்பம் முழுவதையும் குடும்பத் தலைவர் கற்றிருக்க வேண்டுவதில்லை. 'எதனால் அறிந்தீர்கள்?' என்று பணிவுடன் கேட்கும் துணிவு இருப்பின், அரிதின் ஈட்டிய சேமிப்பு வீண்போகாது.